ஆக்‌ஷன் டீச்சர் வீட்டு நோயாளி

அந்தத் தெருவுக்குள் வந்து "ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எங்கே?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஆக்‌ஷன் டீச்சர் வீடு" என்றால் போதும், முனையிலுள்ள மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்தே கை காட்டுவார். காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளவும் மாட்டார். "இப்போ நான் பண்றது பாயின்ட். ஷோ பண்ணணும்னா வீடு வரைக்கும் கூட வந்து கதவைத் தட்டணும். கடையில ஆள் இல்ல, அதனால பாயின்ட்தான்" என்பார். அவரும் ஒரு காலத்தில் டீச்சரிடம் படித்தவர். பாதியில் ஓடிப்போனவர் என்பது டீச்சர் கட்சி. பாதியிலேயே எல்லாம் வந்துவிட்டது என்பது அவர் கட்சி.

டீச்சர் வீட்டில் முன்னறை வகுப்பு, பின்னறை பட்டறை. பட்டறை அவள் கணவருடையது. அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் வினைச்சொற்கள் ஓடும், அந்தப் பக்கம் கம்ப்ரெஸர் ஓடும். வகுப்பில் எழுதுகிற பலகைகூட ஒரு பழைய ஃப்ரிட்ஜின் கதவுதான். உயிர் போன ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து அதைக் கழற்றி, துடைத்து, சுவரில் ஆணியடித்து மாட்டிக் கொடுத்தவர் அவரேதான். மார்க்கரால் எழுதலாம், துணியால் அழிக்கலாம். கைப்பிடி மட்டும் இன்னும் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களில் யாராவது ஒருவர், முதல் நாள் அதைப் பிடித்து இழுத்துப் பார்க்காமல் இருந்ததில்லை.

"இழுத்தீங்களா? அது புல். திறக்கலையா? அப்போ ஓப்பன் ஆகல. இழுக்கிறது உங்க வேலை, திறக்கிறது அதோட இஷ்டம்." முதல் பாடம் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

டீச்சருக்கு இந்த வழி எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, ஒரு ஓட்டலின் டெலிபோன் போர்டிலிருந்து வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஆபரேட்டராக இருந்தாள். அறையிலிருந்து வெளிநாட்டு விருந்தாளிகள் இங்கிலீஷில் கேட்பதை வாங்கி, கீழே இருக்கிற பணியாட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள், கீழே போய்விட்டு உடனே வந்துவிடுகிறேன், அதுவரை யாராவது என் குழந்தையை வாட்ச் பண்ண முடியுமா என்று கேட்டாள். மற்ற இணைப்புகளெல்லாம் கூவிக்கொண்டிருந்த அவசரம். மாடிப் பணியாளரைக் கூப்பிட்டு, "மேல போய் அந்தக் குழந்தையைப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். அவரும் சொன்ன வார்த்தைக்கு மரியாதை கொடுக்கிற மனிதர். படியேறிப் போனார், குழந்தையைப் பார்த்தார், இறங்கி வந்தார். "பார்த்துட்டேம்மா. குண்டா, அழகா இருக்கு" என்றார். அதற்குள் அந்தக் குண்டான அழகு குளியலறைக் குழாய்கள் அத்தனையையும் திறந்துவிட்டு, மாடி நடைபாதையில் கம்பளம் மிதந்துகொண்டிருந்தது.

மேனேஜர் கத்தியது அவளுக்குச் சீக்கிரம் மறந்துவிட்டது. படியில் வழிந்த தண்ணீர் மறக்கவில்லை. லுக் என்றால் கண்ணைத் திருப்புவது, சீ என்றால் கண்ணில் படுவது, வாட்ச் என்றால் கண்ணை எடுக்காமல் இருப்பது. மூன்றுக்கும் உடம்பு மூன்று விதமாக வேலை செய்கிறது. உடம்புக்குத் தெரிந்துவிட்டால் வாய்க்கு வந்துவிடும் என்று அன்றைக்கு அவளுக்குள் ஒரு முடிச்சு விழுந்தது. பின்னாளில் வகுப்பு ஆரம்பித்தபோது அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தாள்.

அதனால் அவள் வகுப்பில் யாரும் உட்கார்ந்து படிக்க முடியாது. லிஃப்ட் என்றால் நாற்காலியைத் தூக்க வேண்டும். கேரி என்றால் தூக்கியதோடு நடக்க வேண்டும். ஹோல்ட் என்றால் போதும் என்று அவள் சொல்லும்வரை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். டாக்ஸி ஓட்டுகிற ஒருவர், நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்த கையோடு வந்து, "டீச்சர், நான் நாள் பூரா ஹோல்ட் பண்ணிட்டுத்தான் வர்றேன். எனக்கு வேற வினைச்சொல் கொடுங்க" என்று கெஞ்சுவார். அவருக்கு டீச்சர் லீன் கொடுப்பாள். சுவரில் சாய்ந்துகொண்டு நிம்மதியாகப் பாடம் படிப்பார்.

இந்தப் பாடங்களுக்கெல்லாம் அதிகமாக உழைத்தவர் மெக்கானிக். சம்மதம் கேட்டு யாரும் அவரைச் சேர்க்கவில்லை. பட்டறையில் டீ குடிக்க உட்கார்ந்தால் கதவு திறக்கும். "ஏங்க, அந்தக் கப்பைக் கொண்டு வாங்க. இது பிரிங். இப்போ எடுத்துட்டுப் போங்க. இது டேக். இப்போ வெறுங்கையோட வாங்க. போய் எடுத்துட்டு வாங்க. பார்த்தீங்களா எல்லாரும்? போறது, கொண்டு வர்றது ரெண்டும் சேர்ந்தா ஃபெட்ச்." ஃபெட்ச் முடிவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

"டீச்சரம்மா, இதுல குடிக்கிறதுக்கு ஒரு வினைச்சொல் வருமா, வராதா?"

"அது அடுத்த வாரம்."

அவர் ஆறின டீயைக் குடித்துவிட்டுத் திருப்புளியை எடுத்துக்கொள்வார்.

ஃப்ரிட்ஜ் வந்து இறங்கும் நாள் இன்னும் மோசம். வண்டி வாசலில் நின்றதும் வகுப்பு மொத்தமும் வெளியே வந்துவிடும். மெக்கானிக்கும் வண்டிக்காரரும் முதுகு வளைந்து, கழுத்து நரம்பு புடைக்க, ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டீச்சர் நிதானமாக ஆரம்பிப்பாள்: "டிராப்னா கையை விட்டுடறது. புட்னா வைக்கிறது. லோயர்னா, கையை விடாம, கொஞ்சம் கொஞ்சமா, தாழ இறக்கறது. மூணும் கீழேதான் போகுது. ஆனா மூணும் ஒண்ணில்ல."

"உன் பாடம் முடிஞ்சா சொல்லு," என்பார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "இல்லாட்டி நான் முதல் வார்த்தையைச் செஞ்சு காட்டிடுவேன்."

ஆனால் அவர் பெயர் வகுப்பில் நிரந்தரமாக நிலைத்தது வேறொரு பாடத்தில். ஹியர், லிசன். டீச்சர் மார்க்கரைப் பின்னறைக் கதவை நோக்கி நீட்டுவாள். "காதுல விழுந்தா ஹியர். காது கொடுத்தா லிசன். அதோ உள்ள ஒருத்தர் இருக்காரே, கல்யாணமான நாள்லேர்ந்து அவருக்கு ஹியர் மட்டும்தான். கேஸ் சிலிண்டர் தீரப் போகுதுன்னு ரெண்டு நாளா சொல்லியிருப்பேன். அடுப்பு அணைஞ்ச பிறகு, 'சொல்லவே இல்லையே'ம்பார்." வகுப்பு சிரிக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் கம்ப்ரெஸர் சத்தம் கொஞ்சம் கூடும். ஒவ்வொரு புதுக் குழுவுக்கும் அதே பாடம், அதே சிரிப்பு, அதே கம்ப்ரெஸர்.

இந்த வீட்டுக்குத்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

மெக்கானிக்கின் தங்கை. ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகப் பல வருஷம் இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டுவது, குளிப்பாட்டுவது, சக்கர நாற்காலியில் ஏற்றுவது இவைதான் அவள் வேலை. கையில் அப்படி ஒரு வலு. குரலில் அதைவிட வலு. புருஷனோடு ஒத்துப்போகாமல் தனியாளாகி இருந்தாள். அந்த ஆஸ்பத்திரியும் அவள் இருந்த வார்டை மூடிவிட்டதும், ஒரு பெட்டியோடும் ஒரு மடக்குக் கட்டிலோடும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். வீட்டில் வேறு இடம் இல்லை. கட்டிலை முன்னறையில்தான் விரித்தாக வேண்டும். சாயங்காலம் வகுப்பு தொடங்கும் முன் மடக்கிச் சுவரோரம் நிறுத்த வேண்டும். அதன் ஒரு கால் வேறு சரியில்லை. பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பொசுக்கென்று மடங்கிவிடும். அதனால் நடுவில் படுத்துப் பழகியிருந்தாள்.

நாத்தனாருக்குத் தெரிந்த ஒருத்தி வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். அங்கே ஆள் எடுக்கிறார்கள், வீடியோவில் இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும், தேறினால் சம்பளத்தோடு தனி அறை என்று சொல்லியிருந்தாள். சம்பளம் எவ்வளவு என்று நாத்தனார் கேட்கவேயில்லை. "அந்த ரூமுக்குச் சாவி உண்டாம் அண்ணி" என்றாள். "கட்டிலைத் தரையோட பொருத்தியிருக்குமாம். மடக்கவே முடியாதாம்."

அதைச் சொன்னபோது அவள் கை மடக்குக் கட்டிலின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தது. வகுப்புக்கு நேரமாகியிருந்தது. டீச்சர் மறுமுனையைப் பிடித்தாள். அன்று முதல் நாத்தனாரும் மாணவி.

பாடத்தில் பாதி சுலபமாக வந்தது. வேலையில் அவள் செய்யாத வினைச்சொல்லே இல்லை, பெயர்தான் தெரியாது. பேஷன்ட்டை டர்ன் பண்ணு, சப்போர்ட் பண்ணு, வைப் பண்ணு, ஃபீட் பண்ணு. செய்துகொண்டே சொன்னால் வார்த்தை தானாக வந்தது. டாக்ஸிக்காரரை நோயாளியாக்கிப் புரட்டிப் புரட்டிப் படித்தாள். அவர் அடுத்த நாள் முதுகுவலியோடு வந்து, "உங்க நாத்தனார் இங்கிலீஷ் கத்துக்கிறதுக்குள்ள நான் நிஜ பேஷன்ட் ஆயிடுவேன் டீச்சர்" என்றார்.

முதல் தேர்வு நல்லபடியாகத்தான் தொடங்கியது. நாத்தனார் தன் வழக்கப்படி எழுந்து, சக்கர நாற்காலியை எப்படித் தள்ளுவேன் என்று புஷ் பண்ணிக் காட்டினாள். முன்னாலிருந்த ஸ்டூலும், ஸ்டூல் மேலிருந்த செல்போனும் சேர்ந்தே நகர்ந்தன. செல்போன் குப்புற விழுந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் தரைதான் தெரிந்திருக்கும். ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் மறுநாள் கூப்பிட்டார். "இங்கிலீஷ் பரவாயில்லையாம். ஆனா ஒரே நாடகமா இருக்குன்னு சொல்றாங்க. இன்னும் ஒரு சான்ஸ் தருவாங்க. இதுவும் போனா அவ்வளவுதான்."

நாத்தனார் அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டு, துணி உலர்த்தப் போய்விட்டாள். சுருக்கென்று தைத்தது டீச்சருக்குத்தான். நாடகமாம். மார்க்கரும் கையுமாக இத்தனை காலம் நடத்தியதற்கு அந்த ஒரு வார்த்தை. இரண்டாவது தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்க, அவள் தன் வழியையே தலைகீழாக்கினாள். நாத்தனாரை நாற்காலியில் உட்கார வைத்தாள், மடியில் ஒரு தலையணையைக் கொடுத்தாள், இரண்டு கைகளையும் அதற்கடியில் வைக்கச் சொன்னாள்.

"கை வெளிய வந்தா வேலை வெளிய போயிடும். ஞாபகம் வெச்சுக்கோ."

"அண்ணி, கை உள்ள போனா வார்த்தையும் உள்ள போயிடுதே."

"பழகிக்கோ. உலகத்துல எல்லாரும் உட்கார்ந்துதான் இங்கிலீஷ் பேசறாங்க."

பட்டறைக் கதவில் சாய்ந்தபடி மெக்கானிக் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, குட்டிக்கு ஜுரமா? எதுக்குத் தலையணையும் கையுமா உட்கார்ந்திருக்கா?" என்றார். தங்கையை அவர் கூப்பிடுவது அப்படித்தான். தலையில் நரை விழுந்த குட்டி.

"உங்களைக் கேட்டாங்களா? அன்னிக்கு மட்டும் கம்ப்ரெஸரை ஓட்டாம இருந்தா போதும்."

"இருக்கேன்."

"வாயையும்."

"அதை நீதான் என்னிக்கும் ஓட்ட விட்டதில்லையே."

தேர்வு நாளன்று காலையிலிருந்தே வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. கட்டில் மடக்கிச் சுவரோரம் நின்றது. ஃப்ரிட்ஜ் கதவுப் பலகை சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. செல்போன் இந்த முறை ஸ்டூலில் இல்லை. அலமாரித் தட்டில், நகராதபடி இரண்டு செங்கல்லுக்கு நடுவில். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது, பக்கத்திலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது என்று ஏஜென்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மெக்கானிக் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். டீச்சர் சமையலறைக்குப் போனாள். கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டாள். அது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். நரைத்த தலையோடு ஒரு அம்மாள், பக்கத்தில் குனிந்து எழுதிக்கொண்டே இருந்த ஒரு இளைஞர். பெயர், வயது, எங்கே வேலை பார்த்தாய் என்பதெல்லாம் ஒழுங்காகப் போனது. தலையணை அசையவில்லை. டீச்சர் மூச்சு விட்டாள்.

பிறகு அந்த அம்மாள் கேட்டாள்: ஒரு முதியவர், கனமான ஆள், தானாக எழுந்து நிற்க முடியாதவர். அவரைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்பி உட்கார வைப்பாய்?

நாத்தனாருக்கு இது பல் தேய்ப்பது மாதிரி. தூக்கத்தில் எழுப்பி விட்டாலும் செய்வாள். வாயைத் திறந்தாள். "ஃபர்ஸ்ட்..." என்றாள். நின்றுவிட்டது. தலையணைக்கு அடியில் கைகள் புரண்டன. "ஃபர்ஸ்ட் ஐ..." என்றாள் மறுபடியும்.

சமையலறையில் டீச்சருக்குக் கை பரபரத்தது. டர்ன், டர்ன் என்று அவள் உதடு சத்தமில்லாமல் சொன்னது. அவள் அறியாமலே பக்கத்திலிருந்த அரிசி டப்பாவைப் பக்கவாட்டில் புரட்டிக்கொண்டிருந்தாள். இதைச் செய்ய முடிந்தால் அவளுக்கும் வந்துவிடும். செய்யாதே என்று கட்டிப்போட்டது யார்? அங்கே தலையணையை அழுத்திக்கொண்டு விழித்தவள் நாத்தனார்தான். ஆனால் அந்தத் தலையணையை வைத்தது டீச்சர். டப்பாவைக் கீழே வைத்தாள். போய் அதைப் பிடுங்கிவிடலாமா? உள்ளே காலடி வைத்தால் ஆட்டம் முடிந்தது. நின்ற இடத்திலேயே நின்றாள்.

அந்த அம்மாள் பொறுமையாக, "டேக் யுவர் டைம்" என்றாள். பக்கத்து இளைஞர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது தலையணை பறந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் பட்டுத் தரையில் விழுந்தது.

"சாரி மேடம். சிட்டிங், நோ இங்கிலீஷ். ஒன் மினிட். ஐ ஷோ." நாத்தனார் எழுந்துவிட்டாள். மடக்குக் கட்டில் ஒரே உதறலில் விரிந்தது. அடுத்த வினாடி பட்டறைக் கதவைத் திறந்து, ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்த அண்ணனைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"குட்டி, யாரும் வரக்கூடாதுன்னு..."

"பேசாம படுண்ணா. உனக்கு உடம்பு முடியல."

அவர் படுத்தார். படுக்காவிட்டால் படுக்கவைக்கப்பட்டிருப்பார். ஸ்பேனர் நெஞ்சின் மேலேயே இருந்தது. திரையில் நரைத்த தலை கொஞ்சம் முன்னால் வந்தது.

"திஸ் இஸ் பேஷன்ட், மேடம். ஹெவி." அது பொய்யில்லை. "ஃபர்ஸ்ட் ஐ டெல் ஹிம். ஐயா, நவ் ஐ டர்ன் யூ. ஐ நாட் புல். புல், ஹி பெய்ன். ஐ டர்ன்." முழங்காலை மடக்கி, தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்து, அண்ணனை ஒரு மூட்டையைப் போலல்லாமல், ஒரு மனிதரைப் போலவே பக்கவாட்டில் திருப்பினாள். கை போன திசையிலேயே வார்த்தை வந்தது. "நவ் லெக்ஸ் டவுன். நவ் ஐ ஹோல்ட் பேக், ஹி புஷ் ஹேண்ட், வி ரைஸ். ஐ நாட் லிஃப்ட் ஃபுல். ஹி ஹேவ் லிட்டில் பவர், ஐ யூஸ் தட் பவர்." மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். எப்படி உட்கார்ந்தோம் என்று அவருக்கே புரியாத மாதிரி முழித்தார்.

"வெரி நைஸ்" என்றாள் அந்த அம்மாள். "அவரைத் திரும்பப் படுக்க வைப்பதையும் காட்ட முடியுமா?"

"யெஸ் மேடம்." நாத்தனாருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. முதுகில் கை கொடுத்துப் பின்னால் சாய்த்தாள். அண்ணன் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்த நொண்டிக் கால் இருக்கிற ஓரம். "நவ், ஸ்லோலி, ஐ டிராப் ஹிம்" என்றாள்.

திரையில் நரைத்த தலைக்குக் கீழே புருவம் உயர்ந்தது. முதியோர் இல்லத்தில் வேலை கேட்கிறவள் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதே நேரத்தில் கட்டிலின் கால் 'க்ரிக்' என்றது.

"லோயர்! லோயர்!" என்று அலறினார் நோயாளி. "டிராப் இல்ல குட்டி, லோயர்!"

நாத்தனார் ஒரு கையால் கட்டிலின் சட்டத்தையும் மறு கையால் அண்ணனையும் தாங்கி, அவரை நடுவுக்கு நகர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிப் படுக்க வைத்தாள். ஸ்பேனர்கூட விழவில்லை. "யெஸ். லோயர்" என்றாள் திரையைப் பார்த்து. "ஐ லோயர் ஹிம்."

அந்த இளைஞர் முதல்முறையாக நிமிர்ந்தார். யாரோ உனக்கு உதவி செய்கிறார்கள் என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

வீடு அப்படியே நின்றது. டீச்சர் சமையலறைக் கதவின் பிடியை இறுக்கிக்கொண்டாள். கட்டிலில் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார், நோயாளி என்றால் அதுதான் பாதுகாப்பு என்பது போல.

நாத்தனார் யோசிக்கவேயில்லை. "நோ சார். பேஷன்ட் கம்ப்ளெயின்ட். ஆல்வேஸ் பேஷன்ட் கம்ப்ளெயின்ட். ஐ லிசன்."

நரைத்த தலை பின்னால் சாய்ந்து, தோள் குலுங்கச் சிரித்தது. "எங்கள் இல்லத்தில் எல்லோரும் இவரை மாதிரிதான், இன்னும் சத்தமாக" என்றாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தக் கட்டிலை உடனே மாற்றுங்கள் என்றும் சொன்னாள்.

இணைப்பு அறுந்ததும் டீச்சர் வெளியே வந்தாள். முதலில் தலையணையை எடுத்துத் தட்டி, இருந்த இடத்தில் வைத்தாள். நாத்தனாரைப் பார்த்து, "தலையணை என் தப்பு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"விடுங்க அண்ணி. என் ராசிக்குத் தலையணை ஒத்துக்காது."

பிறகு டீச்சர் கட்டில் பக்கம் திரும்பினாள். "நீங்க எந்திரிங்க. உடம்பு சரியாயிடுச்சு."

அவர் எந்திரிக்கவில்லை. "இவ்வளவு நல்லா யாரும் என்னைக் கவனிச்சதில்ல. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."

"லோயர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"நடிக்காதீங்க. பயத்துல கத்துறவங்க 'ஐயோ'ம்பாங்க. இங்கிலீஷ்ல கத்தமாட்டாங்க. அதுவும் சரியான இங்கிலீஷ்ல."

மெக்கானிக் கூரையைப் பார்த்தார். "ஃப்ரிட்ஜை முதுகுல வெச்சுக்கிட்டு எத்தனை தடவை நின்னிருக்கேன். காதுல விழுந்திருக்கும்."

"காதுலதான் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றார். "நான் எங்க கேட்டேன்?"

நாத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுக்கு என்ன வினைச்சொல்?" என்றாள்.

"பொய் சொல்றது" என்றாள் டீச்சர். "லை. படுத்திருக்கிறதுக்கும் அதே வார்த்தைதான். ரெண்டையும் சேர்த்தே செய்யறாரு பாரு."

முடிவு வருவதற்கு நாளானது. அந்த நாட்களில் நாத்தனார் கட்டிலை வழக்கத்தைவிடச் சத்தமாக மடக்கினாள். செல்போன் அடித்தால் யார் வீட்டுச் செல்போனாக இருந்தாலும் எழுந்து நின்றாள். மெக்கானிக் கட்டிலின் நொண்டிக் காலைக் கழற்றி, பழைய ஃப்ரிட்ஜ் சட்டத்திலிருந்து ஒரு இரும்புத் துண்டை வெட்டி வைத்துப் பற்றவைத்தார். இனி பாரம் சாய்ந்தாலும் தானாக மடங்காது என்றார். "கிடைக்கலைன்னா இதுலயே தூங்கலாம்னு இப்பவே ஏற்பாடா?" என்று நாத்தனார் கேட்டாள். அவர் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார்.

ஏஜென்ட்டின் அழைப்பு வகுப்பு நடக்கும்போது வந்தது. டாக்ஸிக்காரர் அப்போது வெயிட் என்ற வினைச்சொல்லைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார், அதாவது சும்மா நின்றுகொண்டிருந்தார். நாத்தனார் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆமாம், ஆமாம் என்றாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சுவரோரம் மடங்கி நின்ற கட்டிலைத் தொட்டாள். "சாவி கொடுக்கிறாங்களாம்" என்றாள்.

அவள் போய்ச் சில மாதங்களாகிவிட்டன. முதியோர் இல்லத்திலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறாள். வேலை கடினம்தான், குளிர் அதைவிடக் கடினம், ஒரு கிழவருக்கு இவள் எதைச் செய்தாலும் குறை. "அண்ணாவைவிட மோசம்" என்கிறாள். அறையைக் காட்டச் சொன்னால் முதலில் கட்டிலைத்தான் காட்டுகிறாள். மடக்குக் கட்டில் இப்போது வகுப்புக்கு உபகரணம். சிட், லை, லீன் மூன்றுக்கும் அதுவே பயன்படுகிறது. கால் சரியாகிவிட்டதால் டாக்ஸிக்காரர் லையிலிருந்து எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்.

போன வாரம் புதுக் குழுவுக்கு ஹியர், லிசன் பாடம். டீச்சர் பலகையில் இரண்டு வார்த்தைகளையும் எழுதினாள். பழக்கத்தில் மார்க்கரைப் பின்னறைக் கதவை நோக்கி நீட்டினாள். பழைய மாணவர்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

"காதுல விழுந்தா ஹியர்..." என்றாள். மார்க்கர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பட்டறையில் கம்ப்ரெஸர் ஓடவில்லை. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. எத்தனை வருஷமாக இந்த இடம் வரும்போது அது இப்படி நின்றிருக்கும், பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டதும் ஓடத் தொடங்கியிருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. கையை இறக்கினாள்.

"ஹியருக்கு உதாரணம் யாரு டீச்சர்?" என்றார் டாக்ஸிக்காரர், கட்டிலில் படுத்தபடியே. "வழக்கமா ஒருத்தரைச் சொல்வீங்களே."

"அவரை எடுத்தாச்சு. வேற ஆள் தேடணும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நானே இருந்துட்டுப் போறேன். மாத்தாதே. பழகிப்போச்சு."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

"ஒட்டுக் கேக்கறீங்களா?"

"காதுல விழுந்துச்சு" என்றார் அவர். பிறகு, "டீ போட்டு வெச்சிருக்கேன், ஆறிடும். யாராவது வந்து ஃபெட்ச் பண்ணிக்கங்க" என்றார்.

யாரும் நகரவில்லை. போக வேண்டியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் மார்க்கரை மூடி ஃப்ரிட்ஜ் கதவின் கைப்பிடியில் செருகிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஏதோ வழக்காடுவது கேட்டது; என்னவென்று புரியவில்லை. டாக்ஸிக்காரர் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தார். "போயிட்டாங்க" என்று வகுப்புக்கு அறிவித்தார். "கப்போட வந்தாத்தான் ஃபெட்ச். அதுவரைக்கும் கணக்கில்ல."